நாலாவது சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டோம்

மாட்டுங்கா கிழக்கு,
ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது காபிக்குப் பிறகு.

சிரஞ்சீவி ஷ்ரவணுக்கு, உன் தாய்மாமன் ஜெயராம் எழுதிக்கொள்வது. ஆசீர்வாதம் உண்டு. ஆனால் அதைக் கடிதத்தின் கடைசியில் வைத்திருக்கிறேன். நடுவில் இருப்பதையெல்லாம் கேட்டு முடித்தால்தான் கைக்கு வரும். இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதப் பேனா மறுக்கிறது. அவ்விடத்து நலத்தைப் பற்றி நான் விசாரிக்க வேண்டியதே இல்லை. உன் ஆட்டம் அமெரிக்காவில் ஓடுகிறது, ஜப்பானில் ஓடுகிறது, வட துருவத்தில் கரடிகள் வரிசையில் நின்று வாங்குகின்றன என்று உன் அம்மா மாட்டுங்கா பூக்கடைகளில் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே இதை உன் அம்மா பத்மஜா உரக்க வாசிப்பாள், நீ கையைக் கட்டிக்கொண்டு கேட்பாய். ஏன் மாமா, இங்கிலீஷில் ஒரு மெயில் தட்டியிருக்கலாமே என்பாய். மெயிலை நீ பாதியில் மூடிவிடுவாய். உன் அம்மாவை மூட இந்த பூமியில் யாருக்கும் சாமர்த்தியம் கிடையாது, உன் அப்பா முயன்று பார்த்தவர். பத்மஜா, நிதானமா வாசி. நான் திட்டற இடத்துல குரலைத் தாழ்த்தாதே.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை மத்தியானம் எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் கீழ்த்தள அறையில் வழக்கம்போல நானும் உன் மாமி விசாலாக்ஷியும் தாராவியிலிருந்து வருகிற என் சிநேகிதர் லாசரும் கூடி, உன் ‘ஃபோர்த் சீட்’ ஆட்டத்தைத் திறந்தோம். திறந்ததும் திரையில், ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவாக, ஒரு அறிவிப்பு: தீபாவளிக்கு வரும் புதிய பதிப்பிலிருந்து லினக்ஸுக்கு ஆட்டம் வராது, உங்கள் புரிதலுக்கு நன்றி. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆகவே நன்றியை நீயே வைத்துக்கொள். லாசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு வாசித்தார். “என்ன வே ஜெயராம், உம்ம மருமவன் நம்மளத்தான் வண்டியிலேருந்து தள்ளுதானா?” என்றார். விசாலாக்ஷி ஒன்றும் சொல்லவில்லை. ஷ்ரவண், முப்பத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதற்கு முன் ஒரு தடவைதான், அன்றைக்கு என் அக்கா வீட்டோடு ஒரு வருஷம் பேச்சுவார்த்தை நின்றது.

எங்கள் சேனையின் சரித்திரம் உனக்கு மறந்திருக்கலாம், சொல்கிறேன். சொசைட்டி ஆபீஸின் பழைய கணினிகளில் விண்டோஸின் புதுப் பதிப்பு ஏறாது, அவற்றுக்கு வயதாகிவிட்டது, பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. வயதாகிவிட்டது, போட்டுவிடலாம் என்ற இரண்டு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் கேட்டால் எங்கள் அறையில் எல்லோருக்கும் ரத்தக்கொதிப்பு ஏறும். நான் எழுந்து நின்று, ஜான்சி ராணி முதுகில் குழந்தையைக் கட்டியதுபோல ஒரு கீபோர்டைக் கட்டிக்கொண்டு, முதலில் என்னைத் தூக்கிப் போடுங்கள் என்றேன். கமிட்டி சிறிது நேரம் அதையும் யோசித்தது. கடைசியில் வடாலாவிலிருந்து வாசிம் என்ற பிள்ளையைக் கூட்டிவந்தோம். அவன் ஒரு பென் டிரைவைச் செருகினான், பெட்டிகள் எழுந்து உட்கார்ந்தன. அதுதான் லினக்ஸ், விண்டோஸின் வேலையைக் காசு வாங்காமல் செய்வது. விசாலாக்ஷி மட்டும், தன் ஜாதக சாஃப்ட்வேர் ஓடாத பெட்டி தனக்கு வேண்டாம் என்று வாசலை மறித்தாள். அது விண்டோஸுக்கென்றே பிறந்த ஜன்மம். வாசிம் எங்கேயோ உள்ளே போய் ஒரு டிக் போட்டான். “ஹோ கயா ஆன்ட்டி, இனிமே எல்லாமே ஓடும்” என்றான். அன்றுமுதல் ராகுவும் கேதுவும் எங்கள் அறையில் லினக்ஸில்தான் சஞ்சாரம் செய்கிறார்கள்.

இன்னொன்றும் உனக்கு மறந்திருக்கும். கல்லூரி நாளில் உன் லேப்டாப் பிராணனை விட்டபோது, எங்கள் ஹாலில் இருந்த லினக்ஸ் பெட்டியின் முன்னால் நீ ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாய். முதல் ரயில்பெட்டியை நீ வரைந்தது அதில்தான். அது ரயில்பெட்டி மாதிரியே இல்லை, இட்லிப் பானை மாதிரி இருந்தது, நான் சொல்லவில்லை, பிள்ளை மனசு நோகுமே என்று. நீ எடுத்துக்கொண்ட எஞ்சினும் லினக்ஸில் பிறந்ததுதான். எஞ்சின் என்றதும் டீசல் வாடை வரும் என்று நான் மூக்கைத் தயாராக வைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மேலே பொம்மை ஆடுவதற்குக் கீழே இருந்து வேலை செய்கிற சரக்குக்கு அந்தப் பெயராம். ‘கெட்டில்’ என்று பெயர் வைத்து, உலகத்தின் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து, சும்மா ஆர்வத்துக்குக் கட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தர்மத்துக்குப் போட்டிருந்தார்கள். நீ எடுத்துக்கொண்டாய். ஊர் உலகத்தில் ஒரு ஈ கூட அந்தக் கெட்டிலைச் சீண்டாத காலம் அது.

பிறகு உன் ஆட்டம் ஜெயித்தது. ஏன் ஜெயித்தது? உன் கூட்டாளி மாதவ் போட்ட விளம்பரத்தால் என்று மாதவ் நினைக்கிறான். மூன்று பேருக்கென்று செய்த ரயில் பெஞ்சில் நாலாவது ஆள் வந்து, “தோடா சர்க்கோ”, கொஞ்சம் நகருங்கள் என்று சொன்னதும், முன்பின் தெரியாத மூன்று பேரும் முகம் பார்க்காமல் ஒரு அங்குலம் நகர்ந்து, அவன் பாதிப் புட்டத்தை வைத்துக்கொள்ள இடம் விடுகிறார்களே, அந்த ஒரு அங்குலத்தை நீ ஆட்டமாக்கினாய். அதனால் ஜெயித்தது. மும்பையில் சட்டங்கள் ஆயிரம் உண்டு, யாரும் மதிப்பதில்லை. எழுதாத இந்த ஒரு சட்டத்தை மட்டும் கொலைகாரன்கூட மதிப்பான். அதைப் பார்த்து பிரேசில்காரன் அழுதானாம். சரி, அழட்டும்.

உன் வெற்றியால் கெட்டிலுக்கும் சுக்கிர தசை பிறந்தது. உன் ஆட்டம் அதில் செய்தது என்று தெரிந்ததும் ஆட்டம் செய்கிற கம்பெனிகள் எல்லாம் தேன்கூட்டைக் கண்டதுபோல மொய்த்தன. நீயும் வருமானத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்கினாய். அது என் மருமான் குணம், அதில் எனக்குப் பெருமை, பத்மஜா, இந்த வரியை இரண்டு தடவை வாசி. சும்மா ஆர்வத்துக்கு வேலை செய்தவர்கள் சம்பளத்துக்கு வந்தார்கள். வந்ததும் என்ன ஆயிற்று? பணம் போட்டவர்களெல்லாம் டிவியில் மாட்டி ஆடுகிற கன்சோல் வேண்டும், மொபைல் வேண்டும் என்றார்கள். சம்பளக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் போனார்கள். கெட்டில் பிறந்த வீடான லினக்ஸைப் பார்த்துக்கொள்ள இப்போது ஃபின்லாந்தில் ஒரே ஒரு மனிதர், அவரும் சம்பளமில்லாமல், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. நீ ஜெயிக்காமல் இருந்திருந்தால் லினக்ஸ் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்ல நாக்கு வரை வருகிறது. சொல்லமாட்டேன். உன் அம்மா வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த ஃபின்லாந்துக்காரரை எனக்கு எப்படித் தெரியும்? அது லாசரின் கைங்கரியம். ஒரு நாள் ஆட்டத்தில் சாயங்காலம் தாதர் ஸ்டேஷன், கல்யாண் வண்டி வருகிறது, உள்ளே ஊசி குத்த இடமில்லை. நான் ஏற முயன்று மூன்று முறை பிளாட்பாரத்தில் விழுந்தேன். லாசருக்குப் பொறுக்கவில்லை.

“நீரு என்ன வே, பம்பாய்ல அறுவது வருசமா இருந்துட்டு வெளியூர்க்காரன் மாதிரி ஏறுதீரு? எதுத்தாப்புல வி.டி. போற வண்டில ஏறும்.”

“எனக்குக் கல்யாண் போகணும் ஓய்.”

“அதான் சொல்லுதேன். வி.டி. கடைசி ஸ்டேஷன்லா, எல்லாவனும் எறங்குவான். நீரு எறங்காதேயும். வண்டி அப்படியே திரும்பும்லா. சன்னல் ஓரமா ராசா மாதிரி உக்காந்து போவும்.”

ரிட்டர்ன் அடிப்பது என்று இதற்குப் பெயர். போக வேண்டிய ஊருக்கு நேர் எதிர்த்திசையில் போய், சீட்டோடு திரும்பி வருவது. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் அப்படித்தான் ரிட்டயர் ஆகும்வரை வீடு போய்ச் சேர்ந்தார்கள். நானும் உன் ஆட்டத்தில் ரிட்டர்ன் அடித்தேன். வி.டி. வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், நம்ம ஆள் அசையவில்லை. வண்டி திரும்பியது. திரை கறுத்தது. ஆட்டம் செத்தது. மறுபடி அடித்தேன், மறுபடி செத்தது. லாசர் அடித்தார். விசாலாக்ஷி நல்ல ஹோரை பார்த்து அடித்தாள். சுக்கிர ஹோரையிலும் செத்தது.

நான் புகார் எழுதினேன். தலைப்பில் ‘லினக்ஸ்’ என்று எருமை அளவு எழுத்தில் போட்டேன், நாங்கள் யார் என்று தெரியட்டுமே என்று. நீ அதைக் கெட்டில்காரர்களுக்குத் தள்ளிவிட்டாய். முன்பானால் அடுத்த மழைக்குத்தான் பார்த்திருப்பார்கள். இப்போது உன் ஆட்டம் அவர்கள் வீட்டு முதல் பிள்ளையாயிற்றே, அன்றைக்கே ஃபின்லாந்துக்காரர் கடிதம் போட்டார். பதிவேட்டை அனுப்புங்கள் என்றார். எனக்கு எது பதிவேடு என்று தெரியவில்லை, கறுத்த திரையை போனில் படம் பிடித்து அனுப்பினேன். அதில் விசாலாக்ஷியின் கட்டைவிரலும் விழுந்திருந்தது. அவர் ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்: கல்யாண் போகிற மனிதர் எதற்காக எதிர்த்திசை வண்டியில் ஏறினார்? நான் மூன்று பக்கம் பதில் எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டு, தானும் தன் வீட்டிலிருந்து ரிட்டர்ன் அடித்துப் பார்த்தார். அவருக்கும் செத்தது. கடைசி ஸ்டேஷனில் எல்லா சீட்டையும் காலி என்று எஞ்சின் எண்ணிக்கொள்கிறதாம். நாம் உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே இன்னொருவனை உட்காரவைத்து, ஒரு சீட்டில் இரண்டு பேரா என்று திகைத்து உயிரை விடுகிறதாம். ஒரு வாரத்தில் சரிசெய்தார். அதே எஞ்சினில் ஓடுகிற இன்னும் எத்தனையோ ஆட்டங்கள் அதனால் பிழைத்தன என்று எழுதினார். இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் உட்காருகிறவன் ஒருவன் இருப்பான் என்பது உலகத்தில் எந்த ஆட்டக்காரனுக்கும் தோன்றவில்லை. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் தோன்றியது.

இந்தப் பெருமையோடுதான் வியாழக்கிழமை நான் நெருளில் உன் ஆபீஸுக்கு வந்தேன். உன் சோபாவில் நீ, மாதவ், கன்சோல் கம்பெனியிலிருந்து வந்த ஒரு அம்மணி. மூன்று பேர் சோபா. நான் எதிரே நின்றேன். யாரும் நாற்காலி கொண்டுவரவில்லை. “தோடா சர்க்கோ” என்றேன். மூன்று பேரும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு அங்குலம் நகர்ந்தீர்கள், அந்த அம்மணி உள்பட, அவளும் மும்பை ரயிலில் வளர்ந்த அந்தேரிக்காரிதானே. நான் உட்கார்ந்தேன். அப்போதே நான் ஜெயித்துவிட்டேன் ஷ்ரவண், உங்களுக்குத்தான் தெரியவில்லை.

மாதவ் சுவரைக் காட்டினான். வட்டமாக ஒரு அப்பளம் வரைந்து, விண்டோஸில் ஆடுகிறவர்கள் இவ்வளவு, லினக்ஸில் இவ்வளவு என்று கிழித்திருந்தான். எங்கள் பங்கு முடி விழுந்ததுபோல ஒரு கோடு.

“அங்கிள், நாங்க எமோஷனலா யோசிக்க முடியாது.”

“நான் எமோஷனலா வரலைப்பா. ஹார்பர் லைன் வண்டில வந்தேன்.”

“விளையாடறவா இத்துனூண்டு. கம்ப்ளைன்ட் மட்டும் மலை மாதிரி. சமோசா விக்கறவன் குரல் வருது ஆளைக் காணோம், தாதர்னு எழுதின இடத்துல கட்டம் கட்டமா வருது, சத்தம் அரை நிமிஷம் லேட். எல்லாம் லினக்ஸ். அதுலயும் முக்கால்வாசி ஒரே ஐடிலேருந்து.”

“யாருப்பா அந்த தைரியசாலி?”

நீ கூரையைப் பார்த்தாய். மின்விசிறியில் என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை, ரொம்ப நேரம் படித்தாய்.

“அவரோட கம்ப்ளைன்ட் பார்க்கவே ஒரு ஆள் வேணும் அங்கிள். அந்த ஆளை கன்சோலுக்குப் போட்டா தீபாவளிக்குள்ள முடிச்சுடலாம்.”

“ரிட்டர்ன் பிழையைக் கண்டுபிடிச்சது யாரு?”

“அது லக்.”

லக்காம். அறுபது வருஷம் மத்திய ரயில்வேயில் தொங்கிக்கொண்டு சம்பாதித்த ஞானத்துக்கு நெருளில் லக் என்று பெயர். நீயாவது வாயைத் திறப்பாய் என்று பார்த்தேன். “மாமா, நான் யோசிச்சு சொல்றேன்” என்றாய். வண்டி புறப்பட்ட பிறகு யோசிக்கிறவன் பிளாட்பாரத்தில் நிற்பான், இதை நீ உன் ஆட்டத்திலேயே வைத்திருக்கிறாய்.

ஆகவே மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய முப்பெரும் தேசங்களின் லினக்ஸ் சேனை சார்பில், செம்பூரில் இன்னும் ஆள் கிடைக்கவில்லை, தேடுகிறோம், நான் பிரகடனம் செய்வதாவது: நாங்கள் எழுந்திருக்க மாட்டோம். நீ பழைய பதிப்பை எடுத்துவிட்டால் பெட்டியின் இணையத்தைப் பிடுங்கிவிட்டு உள்ளே இருப்பதையே யுகாந்திரம்வரை ஆடுவோம். உன் புகார்ப் பெட்டியை மூடினால், புகார்ப் பெட்டி மூடியிருக்கிறது என்று ஃபின்லாந்துக்குப் புகார் எழுதுவோம். மாமி மாதவின் பிறந்த நேரத்தை யாரிடமிருந்தோ வாங்கிவிட்டாள். ஜாதகத்தைக் கணித்துவிட்டு “ஐயோ பாவம்” என்று மட்டும் சொன்னாள், மேலே சொல்ல மறுக்கிறாள், அவனிடம் தெரிவித்துவிடு. லாசர், உன் ஆபீஸ் லிஃப்டின் வாசலில் வந்து நிற்கப்போகிறார். ஒன்றும் செய்யமாட்டார். விரார் வண்டியின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதுபோல நிற்பார், அவ்வளவுதான், நீங்கள் எல்லோரும் மாடிப்படி ஏறுவீர்கள். தீபாவளிக்கு இங்கிருந்து நெருளுக்குப் போகிற மைசூர்பாகு இந்த வருஷம் ஃபின்லாந்துக்குப் போகும்.

நான் கேட்பது பெரிய சிம்மாசனம் இல்லை. விண்டோஸ்காரன் சாய்ந்து உட்காரட்டும், கன்சோல்காரன் காலை நீட்டட்டும், மொபைல்காரன் ஜன்னலைத் திறந்து மூடி விளையாடட்டும். எங்களுக்கு ஒரு அங்குலம். நீ எஞ்சினுக்குக் கொடுக்கிற பங்கில் அந்த மனிதர் சாப்பாட்டுக்கு முன்னால் வேலையை முடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. அந்த ஒரு அங்குலத்தை விற்றுத்தான் நீ இன்று கோடியில் ஒருவனாக இருக்கிறாய். அதை நம்புகிறவனா, வெறுமே விற்கிறவனா என்று ஊர் கேட்காது. நான் கேட்பேன். எனக்கு வேறு வேலை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி மோர் சாதத்தை விடாதே. சொன்னபடி ஆசீர்வாதம் இதோ: தீர்க்காயுசாக, எல்லாத் திரையிலும் ஓடும் புகழோடு, ஏறிய வண்டியிலெல்லாம் சீட்டு கிடைத்து, நின்றுகொண்டிருப்பவனைப் பார்க்கிற கண்ணும் கிடைத்து, நீ நீடூழி வாழ்க. மாமியின் ஆசீர்வாதம் உன் முடிவு தெரியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. லாசர் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

எழுந்திருக்காத,
ஜெயராம் மாமா.

பி.கு.: பத்மஜா, இங்கேருந்து சத்தமா வாசிக்காதே. மனசுக்குள்ள வாசி. முகத்தையும் மாத்திக்காதே, அவன் பார்த்துண்டிருப்பான்.

கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் வாசிம் வந்தான். எங்கள் போராட்டத்தைக் கேட்டு ரத்தம் கொதித்து, ஆதாரம் எடுத்துத் தருகிறேன் அங்கிள் என்று பெட்டிக்குள் போனான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: “அங்கிள், அன்னிக்கு ஆன்ட்டி ஜாதகத்துக்கு ஒரு டிக் போட்டேன்ல. விண்டோஸ் சாமானை லினக்ஸ்ல ஓட்டற பாலம் அது. எல்லாப் பெட்டிலயும், எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுட்டேன்.” அதாவது, முதல் நாளிலிருந்து நாங்கள் ஆடிக்கொண்டிருப்பது ஷ்ரவணின் விண்டோஸ் பதிப்பு. மாதவின் அப்பளத்தில் எங்களை விண்டோஸில்தான் எண்ணியிருக்கிறார்கள். நான் எழுதிய அத்தனை புகாரும் விண்டோஸ் பதிப்பின் மேல், இல்லையென்றால் அந்தப் பாலத்தின் மேல். நாலாவது சீட்டில் தொங்குவதாக நினைத்துக்கொண்டு, முதல் சீட்டில் சம்மணம் போட்டபடி இத்தனை நாளும் “சர்க்கோ, சர்க்கோ” என்று கத்தியிருக்கிறேன். இது தெரிந்தால் மாதவ் என்ன சொல்வான்? பாலம் இருக்கும்போது லினக்ஸ் பதிப்பே எதற்கு என்பான். அதனால்தான் மனசுக்குள்ள வாசிக்கச் சொன்னேன்.

டிக்கை எடுத்துவிட்டு, நிஜமான லினக்ஸ் பதிப்பை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டோம். சமோசாக்காரன் தெரிகிறான். சத்தம் உடனே வருகிறது. தாதர் தாதராகவே இருக்கிறது. ரிட்டர்ன் அடித்தோம், சாகவில்லை. ஒரு குறை, மருந்துக்கு ஒரு குறை கிடையாது. லாசர் மனம் உடைந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பையனிடம் நீ இதை மட்டும் உரக்கச் சொல்: லினக்ஸ்காரர்களிடமிருந்து இனிமேல் ஒரு புகார்கூட வராது என்று மாமா சத்தியம் செய்து எழுதியிருக்கிறார். உனக்காகப் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார் என்று சொல். காரணத்தை மட்டும் சொல்லாதே.